மஞ்சக்குப்பம், வாய்தா நாள்

வாய்தா இருபத்தி மூன்றுக்குத் தள்ளிப்போனது.
கோர்ட் வாசலில், வேப்பமரத்தடியில் நின்ற சான்ட்ரோவும்
அதைக் கேட்டதுபோல் கிளம்ப மறுத்தது.

ஸ்டார்டர் சுற்றுகிறது. வலுவாகவே சுற்றுகிறது.
பேட்டரி போன தீபாவளிக்கு மாற்றியது.
ஐந்தாவது தடவை சாவியைத் திருப்பும்போது
ஜன்னலில் ஒரு நிழல்.
அறவாழி.
மனுதாரர்.

"நிறுத்து. பேட்டரியக் கொல்லாத."

ஏழு மாதத்தில் வக்கீல் இல்லாமல்
என்னிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம்.

"பெட்ரோல்?"
"நேத்துதான் முள்ளோடை போய் ஃபுல் பண்ணேன்."
லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்க
புதுச்சேரி எல்லைவரை ஓட்டுகிற என் கணக்கை
முன்பெல்லாம் கேலி செய்வான்.
இன்று செய்யவில்லை. அதுவும் ஒரு மாதிரிதான் இருந்தது.

சைலன்சர் வாயருகே குனிந்து முகர்ந்தான்.
ஜட்ஜுக்காக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை,
முழங்கை மண்ணில்.
"வாசனையே இல்ல. இவ்ளோ சுத்தியும் பெட்ரோல் மேல வரல."

என்னைப் பின்பக்கம் ஏறச் சொன்னான்.
சீட்டைத் தூக்கு. அதுக்கு அடியிலதான் டேங்க் மூடி. காதை வை.
நான் சாவிய ஆன் மட்டும்தான் பண்ணுவேன்.
ரெண்டு விநாடி ங்ங்னு ஒரு சத்தம் வரணும்.
வந்தா பம்பு உயிரோட இருக்கு.

சீட்டுக்கு அடியில்
உருகி ஒட்டிய நிலானியின் பச்சைக் க்ரேயான்,
ஒரு முந்திரிக்கொட்டை,
சில்வர் பீச் மணல் கொஞ்சம்.
எந்த ஞாயிற்றுக்கிழமையின் மணல் என்று தெரியவில்லை.

காதை வைத்தேன்.
வெளியே ஜெராக்ஸ் மெஷின், பத்திரம் எழுதுபவரின் இருமல்,
கெடிலம் பாலத்துக்குத் திரும்பும் பஸ்.
உள்ளே ஒன்றுமில்லை.

"வருதா?"
"இல்ல."
"நல்லா கேளு."
"கேட்டுக்கிட்டுதான இருக்கேன்!"
குரல் உயர்ந்துவிட்டது.
இந்தக் குரலைப் பற்றித்தான்
மனுவின் மூன்றாவது பத்தியில் எழுதியிருக்கிறான்.

ஃபியூஸைப் பிடுங்கி வெயிலில் காட்டினான். கம்பி அறுந்திருக்கவில்லை.
செருப்பைக் கழற்றி டேங்கின் அடிவயிற்றில் நாலு தட்டு.
சிக்கின பம்பு சில நேரம் அதிலேயே முழித்துக்கொள்ளுமாம்.
முழிக்கவில்லை.
முப்பத்தைந்து லிட்டர் கீழே தளும்பிக்கொண்டிருக்க
இன்ஜினுக்கு ஒரு சொட்டு ஏற வழியில்லை.

பானெட்டைத் திறந்தான். கருப்புப் பெட்டிக்குள்
ஒரே அச்சில் வார்த்த சதுரங்கள்.
ஒன்றைப் பிடுங்கினான். அதன் கால்களில் பச்சை பூத்திருந்தது.
"உப்புக் காத்து," என்றான், என்னைப் பார்க்காமல்.
பக்கத்திலிருந்த இன்னொன்றைப் பிடுங்கி
அந்தக் குழியில் சொருகினான்.
"இப்ப கேளு."

ங்ங்ங்.

இரண்டே விநாடி.
காதில் இல்லை, கன்ன எலும்பில் கேட்டது.
"வருது," என்றேன், தேவைக்கு மேல் சத்தமாக.

முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது வண்டி.
"எங்கேர்ந்து எடுத்த?"
"ஹாரனோட ரிலே. வீடு போற வரைக்கும் ஹாரன் அடிக்காது.
இம்பீரியல் ரோட்டுல புதுசு கிடைக்கும். நூத்தி அறுபதுக்கு மேல குடுக்காத."

கையை எதில் துடைப்பது என்று தேடினான்.
என் ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தேன்.
எந்தப் பக்கம் என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

லாரன்ஸ் ரோடு சுரங்கப்பாதையில்
பைக்கில் ஒரு பையன் ராங் சைடில் வந்தான்.
பழக்கத்தில் அமுக்கினேன்.
ஸ்டியரிங் நடுவில் வெறும் ரப்பர்.
கண்ணாடியை இறக்கி, தலையை நீட்டி,
"தம்பீ, ஓரம்!" என்று கத்தினேன்.

ஒதுங்கினான்.
சுவர்கள் என் குரலை எனக்கே திருப்பிக் கொடுத்தன.
மூன்றாவது பத்தியில் எழுதியிருக்கிற அளவுக்கு
ஒன்றும் மோசமில்லை.